நாற்பத்தொரு மூச்சு

கேணிக்கரையில் பேட்டரிக் கடைக்கு மேல்மாடி,
முட்டைத் தட்டு ஒட்டிய நான்கு சுவர்.
கரண்ட் போனால் இன்வெர்ட்டர் முனகும்.
அந்த முனகலை வடிகட்டியே
ஐம்பத்து மூன்று வயசாகிவிட்டது எனக்கு.

சின்னப்பாலத்திலிருந்து இரண்டு பஸ் மாறி
நாலு நாள் வந்தாள் இன்னாசியாள் கர்வாலோ.
பதினாலு கேசட் போட்டவள்.
பதினைந்தாவதற்குக் கேசட்டே கிடையாது என்றேன்.
"அப்ப எதுல வச்சு விப்ப?"
விக்கிறதில்லக்கா, ஏத்தி விடுறது.
"காத்துலயா?"
கிட்டத்தட்ட.
"நல்லதாப் போச்சு, அட்டைக்காசு மிச்சம்."

எட்டுப் பாட்டு. ஆல்பத்துக்குக் 'கச்சான்' என்று பேர்.
முதல் பாட்டுக்கு அடியில்
கீபோர்டிலிருந்து கொஞ்சம் அலை ஓட்டினேன்.
"இது எந்தக் கடலு?" என்றாள்.
எடுத்துவிட்டேன்.

தொண்டையில் பாடுகிறவர்களை நிறையப் பதிந்திருக்கிறேன்.
இவள் பாடினால் சேலைக்கு மேலேயே
விலா எலும்பு ஏறி இறங்குவது தெரியும்.
நாலாவது பாட்டில், புருஷனைச் சபிக்கிற இடத்தில்,
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்
பெண்டாட்டிக்கு போன் போட்டு
சாப்பிட்டியா என்று கேட்டேன். காரணம் கேட்காதீர்கள்.

ராத்திரி உட்கார்ந்து சுத்தம் செய்தேன்.
திரையில் வரிக்கும் வரிக்கும் நடுவே
நண்டு தள்ளிய மண் போலச் சின்னச் சின்னக் குவியல்,
அவள் மூச்சு.
ஒவ்வொன்றாக வெட்டினேன். நாற்பத்தொன்று.
மறுநாள் போட்டுக் காட்டினேன்.
கண்ணை மூடிக் கேட்டாள்.
"யாருடா இவ? செத்தவ மாதிரிப் பாடுறா."

திரும்ப வைத்தேன், நாற்பத்தொன்றையும்.

தடைக்காலத்தில் வெளியானது. விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்க
ஊருக்குக் காது ஒழிந்திருந்த நேரம்.
மதுரைப் பத்திரிகை ஐந்துக்கு இரண்டரை கொடுத்தது:
'மூச்சு வாங்குகிறது. ஓய்வு நல்லது.'
சென்னையில் தாடி வைத்த ஒரு பையன்
அதே மூச்சுக்காக அழுததாக எழுதினான்;
அதுவும் எனக்கு ஒட்டவில்லை.
பங்குச்சாமி மாதா பாட்டு ஒன்றுகூட இல்லையே என்றார்.
தமாமிலிருந்து மகன் பேசினான்: நாலாவதை எடுத்துவிடலாமாம்,
அப்பா பேர் கெடுகிறதாம்.
பழைய ரசிகர் ஒருவர் பரமக்குடியிலிருந்து:
"அந்தக் குரல் இல்லையேம்மா இது."
"அது வேணும்னா அதைக் கேளுங்க, கேசட்டு இருக்குல்ல?"
என்று வைத்துவிட்டாள்.

மூன்று மாதக் கணக்கு முடித்து
இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய்
கவரில் போட்டுக்கொண்டு பாம்பன் போனேன்.
அவள் கரையில் இருந்தாள்.
விரலில் துணி சுற்றிய பெண்கள் ஏழெட்டுப் பேர்
ஈரப்பாசியை உதறிக்கொண்டிருந்தார்கள்.
முகக்கண்ணாடி அழுத்திய வளையம் கன்னத்தில் இன்னும் ஆறவில்லை.
பாலித்தீன் பைக்குள் ஒரு போன்,
அதற்குள் இன்னாசியாள்.

நான் முதலில் வெட்டிய இடம் ஒன்று வந்தது.
ராக்கு என்பவள் பாசியிலிருந்து தலை தூக்காமலே சொன்னாள்:
"ந்தா, மேல வந்துட்டா."
எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அடுத்த வரி இறங்கியது.
யாரும் பேசவில்லை அது அடுத்து மேலே வரும்வரை.

ஆறாவது பாட்டின் ராகத்தைப் பற்றி
நான் வைத்திருந்த கருத்து ஒன்றைச் சொல்லாமல் விட்டேன்.

இன்னாசியாள் கவரைப் பிரித்து எண்ணினாள்,
நூறு ரூபாய் எடுத்து ராக்குவின் கடனுக்கு நீட்டினாள்,
மிச்சத்தை இடுப்பில் செருகினாள்.
"ஒண்ணைக் காணோம்," என்றாள்.
சரியாத்தானே இருக்கு, அக்கா?
"ரூபா இல்லடா. மூச்சு. நாப்பத்திரெண்டு."

நான் எண்ணியவன். நாற்பத்தொன்றுதான்.
பஸ்ஸில் பாலம் தாண்டும்வரை எண்ணினேன்,
ராத்திரி ஸ்டூடியோவைத் திறந்தும் எண்ணினேன்.

எட்டாவது பாட்டின் வால்.
கடைசிச் சொல் அடங்கியதும்
மௌனம் என்று நினைத்து நான் கத்தரித்த நாலு விநாடி.
சத்தத்தைக் கூட்டினேன்.
இன்வெர்ட்டர் முனகுகிறது.
அதற்கு அடியில் அவள்,
பாடி முடித்துவிட்டு,
இழுக்கிறாள்.